கண்புரையும் கருவிழி மாற்றும் ஒரே அறுவையில்: அப்பாவுக்கு எந்த லென்ஸ் வைக்கலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்னும் காடி ஓட்ட ஆசைப்படுகிறார். இரண்டு கண்ணிலும் புரை. கூடவே ஃபுக்ஸ் நோய் என்று சொல்கிறார்கள், கருவிழி வீங்கியிருக்கிறதாம். புரையை எடுத்து லென்ஸ் வைத்து, கருவிழியின் உள்படலத்தையும் அதே அறுவையில் மாற்றப் போகிறார்கள். மோனோஃபோகல், டோரிக், மல்டிஃபோகல் என்று ஒரு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். விலை கூடியதை எடுத்தால் பார்வையும் கூடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த விலையில் இருக்கும், ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் மோனோஃபோகல்தான் உங்கள் அப்பா மாதிரி கண்ணுக்குப் பெரும்பாலும் பொருந்தும். மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு இரண்டு. கண்ணாடி போடாமல் எந்தத் தூரம் தெரிய வேண்டும்? லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது? இந்த இரண்டையும் அந்த விலைப்பட்டியலில் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஜார்ஜ்டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் அதே ஃபுக்ஸ், அதே கூட்டு அறுவை, இரண்டு கண்ணிலும் முடிந்துவிட்டது. ஊசியில் நூல் கோத்துத்தான் சாப்பாடு என்பதால், டாக்டரைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிவிட்டேன். பாவம், அவரும் பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கருவிழி என்று இங்கே சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவை. அதன் உள்பக்கத்தில் ஒரே வரிசையாகச் செல்கள் உண்டு. தோணிக்குள் கசியும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும் ஆள் மாதிரி, கருவிழிக்குள் ஊறும் நீரை அவை விடாமல் வெளியேற்றுகின்றன. நல்ல கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். செத்தால் திரும்ப முளைக்காது. ஃபுக்ஸ் நோயில் அவை சீக்கிரமே குறைந்துபோகின்றன, மிச்சம் இருப்பவற்றுக்கு நடுவில் சின்னச் சின்ன மேடுகள் எழும்புகின்றன. தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. அதனால் காலையில் எழுந்ததும் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் ஏற ஏறத் தெளியும். அப்பாவுக்கும் இப்படித்தானா என்று கேட்டுப் பாருங்கள். காலை மங்கல் இல்லாமல் புரை மட்டும் முற்றியிருந்தால், புரையை மட்டும் எடுத்துவிட்டுக் கருவிழியைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று சில டாக்டர்கள் சொல்வதும் உண்டு. வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910-இல் எழுதிவைத்த நோய் இது. பல குடும்பங்களில் வழிவழியாக வரும், பெண்களுக்கு அதிகம். நீங்களும் உங்கள் கூடப்பிறந்தவர்களும் 40 வயதுக்கு மேல் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

இனி லென்ஸ். மல்டிஃபோகல், வருகிற வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தூரத்துக்குக் கொஞ்சம், பக்கத்துக்குக் கொஞ்சம் என்று அனுப்புகிறது. கருவிழி பளிங்கு மாதிரி இருப்பவர்களுக்கு அந்த நஷ்டம் பெரிதாகத் தெரியாது. ஃபுக்ஸ் கண்ணில் வெளிச்சம் ஏற்கெனவே சிதறுகிறது. உள்படலத்தை மாற்றிய பிறகும், பல வருஷம் வீங்கிக் கிடந்த கருவிழியின் முன்பகுதியில் லேசான மங்கல் மிஞ்சலாம். மிஞ்சிய வெளிச்சத்தையும் பங்கு போட்டால் எல்லாமே சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும், இரவில் எதிர்க் காடி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பினாங்குப் பாலத்தில் இரவு ஓட்ட நினைக்கிற லாரிக்காரருக்கு இது வேண்டவே வேண்டாம். எனக்கும் ஒரு தனியார் இடத்தில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, ஒரு பெண் பட்டியலை விரித்து மல்டிஃபோகலைத்தான் முதலில் காட்டினார். ஒரு கண்ணுக்குப் பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம். என் கருவிழி ரிப்போர்ட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் வேறு இடம் போனேன்.

நடுத்தூரம் வரை பார்வையை நீட்டிக் கொடுக்கும் ரக லென்ஸ்களும் இப்போது வருகின்றன. நோய் லேசாக இருந்தால் சில டாக்டர்கள் அவற்றை வைக்கிறார்கள். உங்கள் டாக்டர் அதைச் சொன்னால், ஃபுக்ஸ் கண்களில் வைத்து அவருக்கே பழக்கம் உண்டா என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வழக்கமாக வைப்பது மோனோஃபோகல்தான். அதனால் மட்டமான லென்ஸ் கிடைத்துவிட்டதே என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

டோரிக் என்பது சிலிண்டர் பவரை, அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் மங்கலை, சரிசெய்யும் லென்ஸ். இதில் சிக்கல் என்னவென்றால், வீங்கிய கருவிழியில் அளக்கும் சிலிண்டர் உண்மையானதா, வீக்கம் காட்டும் பொய்யா என்று சொல்வது சிரமம். அப்பாவின் பழைய கண்ணாடிச் சீட்டுகள், பார்வை மங்குவதற்கு முந்தியவை, வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுத்துக் கொடுங்கள். பத்து வருஷமாக அதே சிலிண்டர், அதே கோணம் என்றால் டோரிக் பற்றிப் பேசலாம். நான் அலமாரியைக் கவிழ்த்து ஒரு பழைய சீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன், டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார். கருவிழியை முழுக் கனத்துக்கும் வெட்டித் தைக்கும் அறுவையாக இருந்தால் கதையே வேறு. தையல் ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும், அதைப் பிரிக்கும் வரை சிலிண்டர் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முடிந்தால் கருவிழியை முதலில் முடித்து, தையல் பிரித்த பிறகு அளந்து, புரையையும் லென்ஸையும் தனியாகச் செய்வதுண்டு. உங்கள் அப்பாவுக்கு உள்படலம் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

இப்போது அந்தத் தூரக் கணக்கு. இதைத்தான் நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சாதாரணப் புரை அறுவையில் தூரம் தெரிய வேண்டுமென்றால், அறுவைக்குப் பிறகு கண்ணாடிப் பவர் பூஜ்யம் வரும்படி குறிவைப்பார்கள். கருவிழிப் படலமும் மாற்றும்போது அப்படிப் பூஜ்யத்துக்குக் குறிவைத்தால், சில மாதத்தில் கண் பிளஸ் பக்கம் நகர்ந்துவிடும். காரணம் இதுதான்: கருவிழியின் முன்பக்கம் பிளஸ் பவர், பின்பக்கம் சுமார் 6 டையாப்டர் (பவரை அளக்கும் அலகு) மைனஸ். வீக்கத்தில் பின்பக்கம் தட்டையாகி மைனஸ் குறைந்திருக்கும். அளக்கும் மெஷினில் பல, முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வழக்கம்போல் இருக்கும் என்று எடுத்துக்கொள்பவை. புதுப் படலம் வேலை செய்து வீக்கம் வடிந்ததும் பின்பக்க வளைவு பழைய நிலைக்கு வரும், மைனஸ் கூடும், மொத்தப் பவர் இறங்கும். கண் பிளஸில் போய் நின்றால் தூரத்துக்கும் கண்ணாடி, பக்கத்துக்கும் கண்ணாடி. வயசானவர்களுக்கு அதுதான் ஆக எரிச்சலான நிலை.

எவ்வளவு நகரும் என்பது அறுவையின் வகையைப் பொறுத்தது. டிமெக் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள படலம் மட்டும். நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 2006-இல் கொண்டுவந்த முறை. இதில் சராசரியாக அரை டையாப்டர் போல நகரும். டிசேக்கில் படலத்தோடு கொஞ்சம் சதையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். அந்தத் துண்டு நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருப்பதால் அதுவே ஒரு மைனஸ் லென்ஸ். முக்காலிலிருந்து ஒன்றரை டையாப்டர் வரை நகரலாம். எனவே தூரம் வேண்டுபவர்களுக்கு டிமெக்கில் மைனஸ் 0.75 முதல் 1 வரை, டிசேக்கில் மைனஸ் 1 முதல் 1.5 வரை குறிவைப்பது வழக்கம். நகர்ந்த பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மைனஸ் ஓரமாக வந்து நின்றால் போதும்.

நான் தூரத்தையே விட்டுக்கொடுத்தேன். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர் தூரம் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும், தைக்கிற துணி அங்கேதான் இருக்கும். எல்லாம் நகர்ந்து முடிந்து மைனஸ் 2 பக்கம் நிற்கும்படி வையுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார், எல்லாரும் தூரம்தான் கேட்பார்களாம். இன்று ரவிக்கைக்கு ஹூக் தைக்கக் கண்ணாடி வேண்டாம். கொம்தாரில் பஸ் நம்பர் பார்க்கத்தான் வேண்டும், பரவாயில்லை. உங்கள் அப்பாவுக்கு இது ஆகாது. அவருக்கு ரோடு தெரிய வேண்டும், பேப்பர் படிக்க ஒரு வாசிப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். ஒரு கண் தூரம், ஒரு கண் பக்கம் என்று யாராவது சொன்னால், அப்படிப் பழக்கம் இல்லாத டிரைவருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்து லென்ஸின் பொருள். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸை வைத்தபோது அது கெட்டியான பிளாஸ்டிக். போர்விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரைத் துண்டுகளைக் கண் பகைத்துக்கொள்ளவில்லை என்று பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இப்போது மடிக்கக்கூடிய அக்ரிலிக். அதில் ஹைட்ரோஃபிலிக், ஹைட்ரோஃபோபிக் என்று இரண்டு ஜாதி. புதுப் படலம் ஒட்டிக்கொள்ள, கண்ணுக்குள் காற்றோ எஸ்எஃப்6 வாயுவோ அடைக்கிறார்கள். அந்தக் குமிழி பட்ட ஹைட்ரோஃபிலிக் லென்ஸ்களில் சிலவற்றில் பின்னாளில் கால்சியம் படிந்து வெள்ளையாகிவிடுகிறது. தேய்த்துக் கழுவ முடியாது, லென்ஸையே எடுத்து வேறு வைக்க வேண்டும். அப்படி உள்ளே கை வைத்தால் புதுப் படலத்துக்கும் ஆபத்து. படலம் பிரிந்து மறுபடி குமிழி விட வேண்டிய நிலை வந்தால் இன்னும் மோசம். ஆகவே ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். விலையில் அத்தனை வித்தியாசம் வராது. கருவிழி டாக்டர்கள் தாங்களாகவே இதைப் பார்த்துக்கொள்வார்கள், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

இதையெல்லாம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். இங்கே மலேசியாவில் தானக் கண்கள் போதாமல் இலங்கையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்கு அனுப்புகிறது. திசு வந்துவிட்டது என்று திடீரென்று போன் வரும். அந்த நேரத்தில் லென்ஸ் பவரைப் பற்றிப் பேச யாருக்கும் பொறுமை இருக்காது.

அறுவைக்குப் பிறகு சில நாள் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள், குமிழி மேலே மிதந்து படலத்தை அழுத்திப் பிடிக்க. வாயு கரையும் வரை விமானம் கூடாது, கெந்திங், கேமரன் மலையும் டாக்டர் சரி என்ற பிறகுதான். தைப்பூசத்துக்குச் சற்று முன்னால் தேதி கொடுத்தால் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். ரதத்துக்குத் தேங்காய் உடைக்கும் தெருவில் அப்பாவைப் பிடித்து வைக்க உங்களால் முடியாது, என்னாலேயே முடியவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மாதக்கணக்கில் போகும், கண் அழுத்தம் பார்க்கும் தவணையை விடாதீர்கள். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இரண்டு கண்ணுக்கும் ஒரேயடியாகத் தேதி வாங்க அவசரப்பட வேண்டாம். முதல் கண் சில மாதத்தில் நிலைத்ததும், குறிவைத்த பவர் என்ன, வந்து நின்ற பவர் என்ன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் கண்ணுக்கு லென்ஸ் கணக்குப் போடும்போது டாக்டருக்கு அந்தக் காகிதம் உதவும். நடுவில் இரண்டு கண்ணுக்கும் பவர் ஒத்துப்போகாமல் படி இறங்கத் தடுமாறுவார், அந்த மாதங்களில் காடிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.