கேள்வி – பதில்: கூடிப் படிக்கும் இணைந்த கணிதம்

இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு, க.பொ.த. உயர்தர மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து, தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த இணைந்த கணிதத்தை மீட்டுவது பற்றியே கேட்டிருந்தபடியால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கின்றேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஞாயிறுதோறும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) கூடிக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்கின்றோம். கெட்டிக்காரர் ஒருவர் பலகையில் செய்வார். மற்ற நால்வரும் எழுதிக்கொள்வோம். அப்போது எல்லாம் விளங்குகிறது. வீட்டுக்குப் போய் அதே கணக்கைத் தனியாகச் செய்தால் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுகிறது. பாட அலகுகளை ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொண்டு, படித்தவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நேரம் மிச்சமாகுமா, ஐயா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கணிதம் செய்பவர் ஒருவர்தான், அவர் சுண்ணக்கட்டி பிடித்திருப்பவர். இன்னொருவர் செய்யும் தொகையீட்டை வரிவரியாகப் பார்த்துத் தலையசைப்பது எளிது. வெறுந்தாளின் முன்னால் அமர்ந்து, இங்கே எந்தப் பிரதியீட்டை எடுப்பது என்று தீர்மானிப்பதுதான் கடினம். பரீட்சை மண்டபத்தில் உங்களிடம் கேட்கப்படுவதும் அதுவே. ஆகவே கணக்கைச் செய்யும் இடத்தை வீட்டுக்கு மாற்றிவிட்டு, பிள்ளைக்காம்பிராவை விவாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமையே இரண்டு வினாக்களைத் தெரிந்தெடுத்து, ஐவரும் தத்தம் வீட்டில், யாரையும் கேளாமல், நேரம் குறித்துச் செய்துகொண்டு வர வேண்டும். முடியாவிட்டால் முடியாத வரியோடு வாருங்கள். அந்த அரைகுறைத் தாள்தான் அன்றைய கூட்டத்துக்கு மிகவும் பயன்படும்.

எவ்வளவு நேரம் என்றும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வினாத்தாளுக்கும் 3 மணித்தியாலம், அதாவது 180 நிமிடங்கள். பகுதி அ-வில் 10 வினாக்களும் கட்டாயம், ஒன்றுக்கு 25 புள்ளி. பகுதி ஆ-வில் 7 வினாக்களுள் 5, ஒன்றுக்கு 150 புள்ளி. மொத்தம் 1000. இவ்விகிதப்படி ஒரு சிறிய வினாவுக்கு நாலரை நிமிடமும் ஒரு பெரிய வினாவுக்கு 27 நிமிடமும் கிடைக்கின்றன. பலகையைச் சுற்றி நின்று ஒரு பெரிய வினாவுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் செலவிடும் கூட்டங்களை நான் கண்டிருக்கின்றேன். எல்லாரும் திருப்தியோடு கலைந்து போவார்கள். 27 நிமிடத்தில் அதைச் செய்ய முடியுமா என்பது ஒருவருக்கும் தெரிந்திராது.

கூடியதும் கொப்பிகளை மாற்றிக்கொண்டு, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து ஒருவர் தாளை மற்றவர் திருத்துங்கள். புள்ளி வழங்கப்படுவது படிமுறைக்கு என்பதை ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். தோழியின் தாளில் விடுபட்ட ஒரு வரிக்காக நீங்களே 5 புள்ளியை வெட்டும்போதுதான் அது மனதில் பதியும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கின்றேன். ஒன்றை எக்ஸால் வகுத்தால் வருவது இரண்டிலும் சிறிது. எக்ஸின் பெறுமானங்களைக் காண்க. மிகச் சிறிய சமனிலி. நான் திருத்திய தாள்களில் பெரும்பாலானவை இரு பக்கத்தையும் எக்ஸால் பெருக்கி, எக்ஸ் அரையிலும் பெரிது என்று ஒரே வரியில் முடித்திருக்கும். உங்கள் கூட்டத்தில் ஒருவர் அவ்வாறு எழுதியிருந்தால், திருத்துபவர் பிழையென்று கீறிவிட்டுச் சரியான விடையை எழுதிக்கொடுக்கக் கூடாது. “எக்ஸுக்கு மறை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும். மறை ஒன்று, இரண்டிலும் சிறிதுதானே. ஆனால் எழுதிய விடையில் அதைக் காணவில்லையே! அந்த இடத்தில் எழுதியவர் தானாகவே கண்டுபிடிப்பார்: எக்ஸ் மறையானால் பெருக்கும்போது சமனிலியின் குறி திரும்பிவிடும், எக்ஸின் குறி தெரியாமல் பெருக்கியதே தவறு. எக்ஸின் வர்க்கத்தால் பெருக்கலாம், அல்லது எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து குறியை ஆராயலாம். எக்ஸ் பூச்சியத்திலும் சிறிது, அல்லது அரையிலும் பெரிது என்ற முழு விடை அப்போது வரும். இப்படித் தானே கண்டுபிடித்த பிழையை அந்த மாணவர் பரீட்சை வரையும் மறக்கமாட்டார்.

அலகுகளைப் பிரித்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. சிக்கலெண் ஒருவருக்கு, தாயம் இன்னொருவருக்கு என்று பங்கிட்டால், ஏழில் ஐந்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத் தாளைத் திறக்குமுன்னரே பறிபோய்விடும். பகுதி அ-வில் அந்த உரிமையும் இல்லை. ஒருவர் ஓர் அலகுக்குப் பொறுப்பாக இருந்து நல்ல வினாக்களைத் தேடிக்கொண்டு வரலாம், செய்வது ஐவரும்தான்.

இன்னொன்று. நானும் இரு நண்பர்களும் உயர்தரம் படித்த காலத்தில் தொடர்பு வேகத்துக்குரிய வேக முக்கோணியை ஒருவன் தலைகீழாக வரைந்தான். வரைந்தவன் உரத்த குரலில் பேசக்கூடியவன். நான் சரியாக வரைந்திருந்த முக்கோணியை அவன் பேச்சைக் கேட்டு அழிறப்பரால் அழித்தது இன்றும் நினைவிருக்கின்றது. மூவரும் பரீட்சையில் ஒரே பிழையை மிக அழகாக எழுதிவிட்டு வந்தோம். எவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், புள்ளியிடும் திட்டத்தையோ ஆசிரியரையோ கேட்காமல் உங்கள் விடையை அழிக்காதீர்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் நுவரெலியா மாவட்டத்திலேயே தோற்றுகின்றோம். அவளுக்கு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் என் இசட் புள்ளி குறைந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கின்றார். உண்மையா?
– மாணவி, தலவாக்கலை

பதில்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி எப்படி வருகின்றது என்பது உங்கள் பாடத்திட்டத்தின் புள்ளிவிபரவியல் அலகிலேயே இருக்கின்றது. நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்கு நாடு முழுவதும் தோற்றியவர்களின் இடையை (சராசரிப் புள்ளியை) கழித்து நியம விலகலால் வகுக்கின்றார்கள். பின்னர் மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கின்றார்கள். ஆயிரக்கணக்கானோரின் இடையில் உங்கள் தோழி ஒருத்தியின் 20 புள்ளி ஏற்றம் என்ன மாற்றத்தைச் செய்யும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் உறவினர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பதையும் மறைக்க மாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றது. மிகுதி 5 வீதம் நுவரெலியா, பதுளை உள்ளிட்ட, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக உரியது. மாவட்டத்தின் கடைசி இடத்துக்கு நீங்கள் இருவரும் மட்டுமே எஞ்சி நின்றால், அவள் உங்களை முந்தக்கூடும். அந்த அபூர்வமான நிலைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்வதற்கு முன்னர், கணிதத் தொகுத்தறிவு முறையை அவளுக்கு ஒருமுறை விளக்கிப் பாருங்கள். முதல் எண்ணுக்கு உண்மையென நிறுவியபின், ஒரு நிறையெண்ணுக்கு உண்மையென எடுத்துக்கொண்டு அடுத்ததற்குக் காட்டுவது ஏன் போதும் என்று அவள் கேட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாமற்போனால், அந்த ஓட்டை பரீட்சைக்கு முன்னரே தெரிந்தது உங்களுக்கு இலாபம்.

கேள்வி: இரண்டாம் தடவையாகத் தோற்றுகின்றேன். கூடப் படித்தவர்கள் சிதறிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் கணக்கைப் போட்டால் யாராவது முழு விடையையும் படம் பிடித்து அனுப்பிவிடுகின்றார்கள். அது உதவியா?
– மாணவன், அப்புத்தளை

பதில்: உதவிதான், அனுப்பியவருக்கு. வினாவை மட்டும் அனுப்பாமல், நீங்கள் நின்றுபோன வரி வரையிலான உங்கள் சொந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புங்கள். அடுத்த ஒரு வரி மட்டும் போதுமென்று கேளுங்கள். ஒப்பமான ஆப்பின்மேல் துணிக்கை வழுக்கும் கணக்கு என்றால், “துணிக்கையின் ஆர்முடுகலை ஆப்பு சார்பாக எழுதினாயா, நிலம் சார்பாக எழுதினாயா?” என்ற ஒரு கேள்வி, இரண்டு பக்க விடையைவிட உங்களை நெடுந்தூரம் கொண்டுபோகும். டேட்டாவும் மிச்சம்.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கும் தாய். மகள் ஞாயிறு பிற்பகலில் கூட்டாளிகளோடு படிக்கப் போய் இருட்டித்தான் வருகின்றாள். படிக்கின்றார்களா, கதைக்கின்றார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கணக்கும் தெரியாது.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: கணக்குத் தெரியாமலும் அம்மாவால் கண்டுபிடிக்கலாம். அன்றைய கொப்பியைத் திறந்து பாருங்கள். எல்லாப் பக்கங்களும் அச்சடித்தது போல் சுத்தமாக இருந்தால், மகள் யாருடையதையோ பார்த்து எழுதியிருக்கின்றாள். வெட்டியும் கீறியும், ஓரத்தில் இன்னொரு பிள்ளையின் எழுத்தில் திருத்தியும் இருந்தால் கவலையை விடுங்கள். நடுவில் கொஞ்சம் கதைப்பார்கள்; கதைக்கட்டும். நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பிற்பகலில் மழையும் பனிமூட்டமும் இறங்கும் பாதையில் பிள்ளைகள் தனியே நடந்து வர வேண்டியதில்லை. காலை 9 மணிக்குக் கூடினால் மதியச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம்.