மூன்றடி மகோகனிக் கன்றுக்கு யூரியா வைக்கலாமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம், செம்மண் நிலம். ஐப்பசியில் இரண்டு ஏக்கரில் மகோகனி நட்டேன். கன்றுகள் வந்தபோது மூன்றடி உயரம், நல்ல கரும்பச்சை. ஆறு வாரத்தில் அடியிலை பழுத்துக் கொட்டுகிறது, துளிர் இல்லை, பாதிக் கன்று சாய்ந்துவிட்டது. கன்று கொடுத்தவர் யூரியா வைத்து டானிக் அடிக்கச் சொல்கிறார். குழிக்கு எவ்வளவு வைக்கலாம்?

பதில்: ஒரு சிட்டிகைகூட வேண்டாம் ஐயா. வேர் ஓடாத கன்றுக்கு யூரியா வைத்தால் இருக்கிற நாலு வேரும் கருகும். டானிக்குக்கான காசை மூடாக்குக்கு, அதாவது கன்றைச் சுற்றி மண்ணை இலைதழையால் மூடுவதற்குச் செலவிடுங்கள். நாற்றங்காலில் இதற்கு என்ன தீனி போட்டார்கள் என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

மிக மோசமான கன்று ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். நாற்றுப் பையில் இருந்த மண் கலையாமல் உருளையாகவே வரும், அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். யூரியாத் தண்ணீர் ஊற்றி, நிழல்வலைக்குள் நெருக்கி அடுக்கி, விற்பனைக்காக உயர்த்திய கன்று அது. இலை பெருத்த அளவுக்கு வேர் பெருகவில்லை. வெட்டவெளிக்கு வந்ததும் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாமல் உதிர்க்கிறது.

அதற்காக, பட்டினி போட்ட கன்று நல்லது என்று நினைக்காதீர்கள். நட்ட முதல் சில வாரம், உடம்பில் சேர்த்து வைத்த சத்தை எடுத்துத்தான் கன்று புது வேரும் துளிரும் விடுகிறது. வருடக்கணக்கில் பையில் வெறும் தண்ணீர் குடித்து வெளுத்துப்போன கன்றிடம் அந்தச் சேமிப்பு ஏது? நாற்றங்காலில் தீனியை, கன்று வளர வளரச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். விற்பதற்கு முந்தைய கடைசி ஒரு மாதம் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்து, சாம்பல் சத்து (பொட்டாஷ்) கொடுத்து, வெயிலுக்கு மாற்றி, தண்ணீரை இழுத்துப் பிடிக்க வேண்டும். அடிக்கு இத்தனை ரூபாய் என்று விற்பவர் இதைச் செய்ய மாட்டார். செய்தால் கன்று உயராது, அவருக்கு விலை கிடைக்காது. இப்படி விற்பது விவசாயியை ஏமாற்றுவதுதான்.

நான் எப்போதும் சொல்வது, கன்றைப் பருமன் பார்த்து வாங்குங்கள். 45 செ.மீ. உயரமென்றால் மண்மட்டத்தில் தண்டு 7, 8 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் மூன்றடிக் கன்றுக்கு 15 மி.மீ. இருந்திருக்க வேண்டும். அளந்து பாருங்கள், பென்சில் பருமன்தான் தேறும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பை மண்ணைத் தாண்டி வெள்ளை வேர் நுனி தெரிகிற கன்றுகள் பிழைக்கும். குச்சி கட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, மூடாக்கு போட்டு, சொட்டுநீரை அளவாக விடுங்கள். வேர் சுருண்டு இறுகியவற்றை எடுத்துவிட்டு இப்போதே மறுநடவு செய்யுங்கள். அடுத்த மழைக்காலம் வரும்வரை காத்திருந்தால் தோப்பு ஏற்ற இறக்கமாகிவிடும்.

இரண்டு முறை துளிர்த்த பிறகு தொழு உரம் வையுங்கள். அப்புறமும் யூரியாவைக் கொட்டாதீர்கள். கொழுத்த இளங்குருத்துதான் மகோகனியின் குருத்துத் துளைப்பான் புழுவுக்குப் பிடித்த தீனி. நுனி வாடி எச்சம் தள்ளியிருந்தால், புழு இருக்கும் இடம்வரை வெட்டி எரித்துவிட்டு, பக்கத்தில் வரும் துளிர்களில் நேரான ஒன்றை மட்டும் விடுங்கள்.