பழைய வீட்டில் கைவிடப்பட்ட குழாய்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்களுடையது சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. சமையலறையை இடம் மாற்றிவிட்டோம். சுவருக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைப் பெயர்த்தெடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. காரைச் சுவரை நீளமாகக் கொத்தினால், குழாயால் வரக்கூடிய தொல்லையைவிடச் சுவருக்கு நேரும் சேதமே பெரிதாக இருக்கும். ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் நிற்கக் கூடாது. பழைய குழாயின் வாயில் ஒரு பிளக்கைத் திருகி அதன்மேல் பூசிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அன்றைய வேலை அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் குழாயின் மறுமுனை தொட்டி லைனோடு இணைந்தே இருக்கும். மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் இரவும் பகலும் அந்தக் குழாயின்மேல் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே துத்தநாகப் பூச்சு கரைந்து துரு ஏறிய குழாய் ஒருநாள் ஊசித்துளை விடும்போது, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புதுச் சுவரை நீங்களே உடைக்க நேரும். அங்கே தேங்கிக் கெட்ட நீர், புழக்கத்தில் உள்ள குழாயின் நீரோடு கலக்கவும் வழியுண்டு. ஆகவே, கிளை பிரிகிற இடத்திலுள்ள டீயையே (T வடிவ இணைப்பை) கழற்றிவிட்டு, அங்கு நேர்த்துண்டும் யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) பொருத்தச் சொல்லுங்கள். அதன்பின் சுவருக்குள் மிஞ்சுவது வெறும் இரும்புதான்.

கேள்வி: எது ஓடும் லைன், எது கைவிட்ட லைன் என்பதை எப்படி அறிவது?

பதில்: தொட்டியடியில் உள்ள கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோகிறது என்று பார்த்து, சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்துவிடுங்கள். கழிவு லைனுக்கு, சாயப்பொடி கரைத்த நீரை ஒவ்வோர் அறையிலும் ஊற்றி, எந்தச் சேம்பரில் நிறம் வருகிறது என்று பாருங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: சுவரோரமாக மொட்டைமாடிக்கு மேலே நீளும் வார்ப்பிரும்புக் குழாயில் தண்ணீரே வராது என்றாலும், அது கழிவு லைனின் காற்றுப்போக்கியாக இருக்கலாம். பயனற்றது என்று அதை அறுத்து அடைத்துவிட்டால், பிளஷ் செய்யும்போது டிராப்பில் (நாற்றம் மேலே வராமல் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வளைவில்) நிற்கும் நீர் உறிஞ்சப்பட்டு வீட்டுக்குள் நாற்றம் வரத் தொடங்கும்.

கேள்வி: பொருள்கள் வைக்கும் அறையாக மாற்றிய பழைய குளியலறையில் நாற்றம் அடிக்கிறது.

பதில்: தரையில் உள்ள நானி டிராப்பின் நீர் வற்றியிருக்கும். அறை இனிக் குளியலறை ஆகப்போவதில்லை என்றால், டிராப்பை எடுத்துவிட்டுக் குழாயை எண்ட் கேப் போட்டு அடைத்து, அதன் பிறகு கான்கிரீட் இடுங்கள். மேலே டைல்ஸ் மட்டும் ஒட்டினால் கரப்பான் பூச்சிக்குக்கூட அது தடையாகாது.

கேள்வி: ஜி.ஐ. குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் போடுகிறோம். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: எலக்ட்ரீஷியனை முதலில் அழையுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் குழாயில் மின்சாரம் பாயாது என்பதால், இரும்புக் குழாயைத் துண்டித்த அன்றே வீட்டின் எர்த் போய்விடும். அப்படிப் போனது ஷாக் அடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. தனி எர்த் குழி அமைத்துச் சோதித்த பிறகே குழாயில் கைவையுங்கள்.

கேள்வி: பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்துவிட்டது. பழைய செப்டிக் டேங்கை மண் போட்டு மூடலாமா?

பதில்: கழிவை வெளியேற்றாமல் மூடக் கூடாது. லாரியை வரவழைத்து முழுவதும் உறிஞ்சி எடுத்து, உள்வரும் குழாயையும் வெளிச்செல்லும் குழாயையும் அடைத்து, நீர் தேங்காதபடி அடித்தளத்தில் துளையிட்டு, மணலை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்க வேண்டும். துளையிடுவதை மேலிருந்தே, நீளமான கடப்பாரையால் செய்ய வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தேங்கிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளிலேயே ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். தவிர, பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். மூடியைத் திறந்து இரண்டு நாள் காற்றாட விட்டோமே என்று சொல்வார்கள். அடியில் படிந்த சகதியைக் கிளறினால் வாயு மீண்டும் கிளம்பும்.