கரண்ட் போனபின் டேட்டாபேஸ் கோப்புக்கு அருகில் கிடக்கும் ஜர்னல் கோப்பை அழிக்கலாமா?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடைக் கணக்கை எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸில் வைத்திருக்கிறீர்கள். மழையில் கரண்ட் போய் வந்தபின், டேட்டாபேஸ் கோப்பின் அதே பெயரோடு ‘ஜர்னல்’ (-journal) என்று முடியும் கோப்பு ஒன்று கிடக்கிறது. தொடவே தொடாதீர்கள்.

எஸ்கியூலைட்டுக்குத் தனி சர்வர் கிடையாது; உங்கள் செயலியே கோப்பை நேராகத் திறக்கிறது. கோப்பு ‘பக்கம்’ எனப்படும் சிறு துண்டுகளாக (வழக்கமாக 4096 பைட்) பிரிந்திருக்கும்; ஒரு பக்கத்தை மாற்றும் முன் அதன் பழைய நகலை ஜர்னலில் எழுதி வைக்கும். மாற்றம் முழுதாகப் பதிவானதும் (கமிட்) ஜர்னலை அழித்துவிடும். பாதியில் கரண்ட் போனாலோ செயலி நின்றுபோனாலோ அது மிஞ்சும். அடுத்த முறை செயலி தரவைப் படிக்கப் போகும்போது ஜர்னலைப் பார்த்து, பழைய பக்கங்களைத் திரும்ப வைத்துவிடும். அதை நீங்கள் அழித்தாலோ பெயர் மாற்றினாலோ, பாதி எழுதிய கணக்குதான் மிச்சம். பேக்கப் எடுக்கிறவர்கள் பலர் கோட்டை விடுவதும் இங்கேதான்: ஜர்னலை விட்டுவிட்டு டேட்டாபேஸ் கோப்பை மட்டும் நகலெடுக்கிறார்கள்.

அப்புறம், நெட்வொர்க் ஃபோல்டர் வழியாக ஊட்டி ஆபீசிலிருந்தும் அதே கோப்பைத் திறக்க வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டு அங்கே சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது.