கோர்ஸ் முடியறதுக்குள்ள பில்லிங் ஸ்கிரீனே மாறிடுச்சு!

கேள்வி: வணக்கம் மேடம். பல கிளைகள் இருக்கற ஒரு கடையில ட்ரைனிங் டீம்ல இருக்கேன், மொத்தமே மூணு பேர்தான். பில்லிங் கவுன்ட்டர்காரங்களுக்கு பெரிய கோர்ஸ் ஒண்ணு அஞ்சு மாசமா செஞ்சோம், ரிலீஸ் பண்ற நேரத்துல சாஃப்ட்வேர் மாறி பாதி ஸ்கிரீன்ஷாட் வேஸ்ட் ஆயிடுச்சு. இப்போ மேனேஜர் "இனிமே அஜைல்ல பண்ணுங்க, வேலையை ரெண்டு ரெண்டு வாரமா பிரிச்சு ஸ்பிரிண்ட் போடுங்க"ங்கறாரு. அது ஐடி ஆளுங்க சமாச்சாரம் இல்லையா, எங்களுக்கு ஒத்து வருமா?
- வாசகி, கோவை

பதில்: நல்லாவே ஒத்து வரும்மா. ஆனா "சீக்கிரம் முடிங்க"ங்கறதைத்தான் உங்க மேனேஜர் அஜைல்னு சொல்றாரான்னு முதல்ல தெளிவு பண்ணிக்கோங்க, ஏன்னா நிறைய ஆபீஸ்ல அப்படித்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க. 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 17 சாஃப்ட்வேர்காரங்க உக்காந்து எழுதின அறிக்கையில இருந்துதான் இந்தப் பேரே பரவுச்சு, போட்ட பிளானையே பிடிச்சுட்டு இருக்காம மாற்றத்துக்கு ஏத்த மாதிரி போறது, கஸ்டமரை கூடவே வச்சுக்கிட்டு வேலை பாக்கறது, இதெல்லாம்தான் அதுல முக்கியம். உங்க விஷயத்துல கஸ்டமர் யாரு? கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணுதான், கோர்ஸுக்கு கையெழுத்து போடற மேனேஜர் இல்ல. அந்த அஞ்சு மாசத்துல அந்தப் பொண்ணு எத்தனை தடவை உங்க கோர்ஸைத் தொட்டுப் பாத்துச்சுன்னு யோசிங்க, பிரச்சனை அங்கதான் இருக்கு.

ட்ரைனிங் துறையில ரொம்ப காலமா ஓடறது கோர்ஸ் தயாரிக்கற ஆடி (ADDIE) மாடல், 1975 வாக்குல ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியில அமெரிக்க ராணுவத்துக்காக செஞ்ச வேலையில இருந்து வந்தது. ஆராய்ச்சி, டிசைன், தயாரிப்பு, நடத்தறது, மதிப்பீடுன்னு அஞ்சு கட்டம். நடுவுல திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அதுல எங்கயும் இல்ல, ஆனா நடைமுறையில ஒண்ணை முழுசா முடிச்சாதான் அடுத்ததுன்னு ஆகி, மதிப்பீடு கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போயிடுது. இதுக்கு மாற்றா மைக்கேல் ஆலன் கொண்டு வந்த சாம் (SAM) மாடல்ல, முதல் மீட்டிங்லயே எல்லாரும் சேர்ந்து கரடுமுரடா ஒரு மாதிரிப் பாடம் செஞ்சு பாத்துடறாங்க.

நீங்க இப்படி ஆரம்பிங்க. "பில்லிங் சாஃப்ட்வேர் அறிமுகம்"னு தலைப்பு தலைப்பா லிஸ்ட் போடாதீங்க, வேலை வேலையா போடுங்க: "புதுசா சேந்த கேஷியர், கஸ்டமர் பொருளைத் திருப்பிக் கொண்டு வந்தா சூப்பர்வைசரைக் கூப்பிடாம ரிட்டர்ன் பில் போடணும்." இந்த மாதிரி இருபது முப்பது வரும், அதுல எதுனால கியூ அதிகமா நிக்குதோ அதை மட்டும் முதல் ரெண்டு வாரத்துக்கு எடுங்க. பேப்பர்லயே ஸ்கிரீன் வரைஞ்சு, பக்கத்துல இருக்கற ஒரு கிளைக்கு எடுத்துட்டுப் போய், புதுசா சேந்த ரெண்டு பேர் கையில கொடுத்துட்டு வாயைத் திறக்காம நில்லுங்க. எங்க தடுமாறுறாங்களோ அங்கதான் உங்க பாடம் சரியில்ல, திருத்திட்டு மறுபடி கொண்டு போங்க.

இன்னொண்ணு, அடிக்கடி மாறுற விஷயத்தை வீடியோவுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டியில 12, 28 சதவீத ஸ்லாப் போய் பெரும்பாலான பொருள் 5, 18க்கு வந்துச்சே, வரி விகிதத்தை குரல் கொடுத்து ரெக்கார்ட் பண்ணி வச்சவங்க எல்லாம் முதல்ல இருந்து எடுக்க வேண்டியதுதான். அதுவே தனியா ஒரு ஷீட்ல இருந்தா ஒரே நாள்ல மாத்திடலாம்.

கேள்வி: எங்க ஃபேக்டரியில சேஃப்டி ட்ரைனிங்கையும் இப்படி கொஞ்சம் கொஞ்சமா விடலாமா மேடம்?
- வாசகர், ஓசூர்

பதில்: செய்யற விதத்துல அஜைல் இருக்கலாம், ஆளுங்ககிட்ட கொடுக்கறது அரைகுறையா இருக்கக் கூடாது. மெஷினுக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி கரண்ட்டை நிறுத்தி பூட்டு போடற பாடத்துல நாலு ஸ்டெப் இந்த மாசம், மீதி அடுத்த மாசம்னு விட்டா உயிருக்கே ஆபத்து. மாதிரிப் பாடத்தை அனுபவமுள்ள ஆப்பரேட்டர், மெயின்டனன்ஸ் ஆளு, சேஃப்டி ஆபீசர் மூணு பேர்கிட்டயும் மெஷின் நின்னிருக்கற நேரத்துல எத்தனை தடவை வேணாலும் ஓட்டிப் பாருங்க. முழுசா சரிபாத்து சேஃப்டி ஆபீசர் ஒப்புதல் கொடுத்த அப்புறம்தான் லைன்ல வேலை பாக்கறவங்ககிட்ட போகணும். சட்டப்படி கட்டாயமான பயிற்சிக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: விஷயம் தெரிஞ்ச சீனியர்கள் எங்களுக்கு நேரமே கொடுக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?
- வாசகி, மதுரை

பதில்: "எங்களுக்கு என்ன சொல்லித் தரணும்னு எழுதிக் கொடுங்க"ன்னு மெயில் போட்டா பதில் வராதுங்க, பாவம் அவங்களுக்கும் சொந்த வேலை இருக்கு. நீங்களே தெரிஞ்ச வரைக்கும் ஒரு டிராஃப்ட் போட்டு முன்னாடி வைங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல, வெள்ளைப் பேப்பரை நிரப்ப யோசிக்கறவங்க தப்பைப் பாத்ததும் உடனே பேனாவை எடுத்துடுவாங்க. வாரா வாரம் ஒரே கிழமை, இருபது நிமிஷம், அதுக்கு மேல கேக்காதீங்க. ரெண்டு சீனியர் ரெண்டு விதமா சொன்னா எது சரின்னு முடிவு பண்ண ஒரே ஒரு ஆளை வேலை ஆரம்பிக்கும்போதே மேனேஜர்கிட்ட சொல்லி நியமிச்சுக்கோங்க, அது இல்லாமதான் பாதி ப்ராஜெக்ட் இழுத்துக்கிட்டே போகுது.