ஜாகாவும் முதலாம் ஆண்டுப் பிள்ளையும்: ஒரு குறும்படத்துக்கான பதில்

வணக்கம் ஐயா,

பல்ராஜ் சாஹ்னி நடித்த 'காபூலிவாலா' எங்கள் அம்மாவுக்குப் பிடித்த படம். அவரோடு சேர்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அதை மனத்தில் வைத்து 20 நிமிடக் குறும்படம் ஒன்று எழுதியிருக்கிறேன். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி. கார்டு ஹவுஸில் நேபாள ஜாகா (காவலாளி) ஒருவர். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி, காலையில் வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவரோடு பழகுகிறாள். குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்புகிறது. ஒரு வீட்டில் நகை காணாமல் போகிறது. பழி அவர் மேல் விழுந்து வேலையும் போகிறது. பிள்ளை அழுவதோடு படம் முடிகிறது.

படித்த நண்பர் ஒருவர் "ரொம்ப இனிப்பு" என்கிறார். இன்னொருவர், "வளர்ந்த ஆணும் சின்னப் பெண் பிள்ளையும் பழகுவதைக் காட்டினால் இந்தக் காலத்தில் சனம் வேறு மாதிரி நினைக்கும், ஜாகாவைப் பாட்டியாக மாற்றிவிடு" என்கிறார். மாற்ற மனம் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை எப்படி நடிக்க வைப்பது என்பதும் தெரியவில்லை. கைப்பேசியில்தான் எடுக்கப் போகிறோம்.

எஸ்., செந்தூல்

அன்புள்ள எஸ்.,

மாற்றாதீர்கள். இரண்டாவது நண்பர் சொன்ன பயம்தான் உங்கள் படத்தின் உயிர். தாகூர் 1892இல் எழுதிய மூலக்கதையிலேயே அது இருக்கிறது. கல்கத்தாவில் மினி என்ற சின்னப் பிள்ளையோடு பழகும் ஆப்கானிய வியாபாரி ரஹ்மத்தின் கதை. மினியின் அம்மாவுக்கு அந்த ஆப்கானியனைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளை யாரும் கடத்துவதே இல்லையா, காபூலில் அடிமை வியாபாரம் கிடையாதா என்று கணவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் கெட்டவள் அல்ல. பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவள். இந்த மாதிரிக் கதைகளில் வெறுப்பு பெரும்பாலும் பிள்ளையை நேசிப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. உங்கள் திரைக்கதையில் அது வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முகம் தெரியாதவர்களிடம் போய்விட்டது. பார்ப்பவருக்கு அதில் சங்கடமே இல்லை. 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்.

அம்மாவிடம் அதைக் கொடுங்கள். வசனமாக வேண்டாம். முதல் வாரம் பிள்ளை கார்டு ஹவுஸ் பக்கத்தில் நிற்கிறாள், அம்மா ஜாகாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். குழுவில் பேச்சு வந்த மறுநாள், "இங்கேயே நில்லும்மா, வேன் வந்தா ஹாரன் அடிப்பாங்க" என்று பிள்ளையை லிஃப்ட் வாசலிலேயே நிறுத்துகிறார். ஜாகாவைக் கடக்கும்போது அதே தலையசைப்பு, அதே சிரிப்பு. இருபது முப்பது அடி தூரம்தான் மாறியிருக்கிறது. பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

அடுத்து, சந்தேகத்துக்குப் பயந்து நட்புக் காட்சிகளை வெட்டிக் குறைக்காதீர்கள். குறைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமா வரலாற்றில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில், எல்லோரும் அஞ்சும் அந்த உருவத்தோடு ஏரிக்கரையில் ஒரு சின்னப் பிள்ளை பயமில்லாமல் விளையாடுகிறாள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் வீசி மிதக்க விடுகிறார்கள். பூ தீர்ந்ததும், பிள்ளையும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அது கொடூரம் என்று அந்தத் துண்டை வெட்டினார்கள். விளைவு, உருவத்தின் கை பிள்ளையை நோக்கி நீள்கிறது, அடுத்துத் தகப்பன் அவள் உடலைச் சுமந்து வருகிறான். நடுவில் நடந்ததை அவரவர் மனம் நிரப்பிக்கொண்டது, நடந்ததைவிடப் படுமோசமாக. வெட்டிய பகுதி 1980களில்தான் திரும்பச் சேர்ந்தது. மறைத்த இடத்தில்தான் சந்தேகம் முளைக்கும்.

ஆகவே நட்பு முழுவதும் வெட்டவெளியில் நடக்கட்டும். அவர் கார்டு ஹவுஸுக்கு உள்ளே, அவள் வெளியே, நடுவில் சன்னல் திட்டு. அவள் ஒருபோதும் உள்ளே போகவில்லை, அவர் அவளைத் தொடவில்லை. திட்டு எட்டாததால் மினரல் வாட்டர் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுக்கிறார். பின்னால் ஆட்கள் காரில் போவதும் வருவதும் ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியட்டும். பிற்பாடு பேச்சு கிளம்பும்போது, நாமே கண்ணால் பார்த்ததைத்தான் திரித்துப் பேசுகிறார்கள் என்று பார்ப்பவருக்கு உறைக்கும்.

இருவரும் என்ன செய்கிறார்கள்? உங்கள் எழுத்தில் "சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்று மட்டும் இருக்கிறது. இனிப்பு என்று நண்பர் சொன்னது இதைத்தான். கைக்கு வேலை கொடுங்கள். அஞ்சாங்கல் ஆடட்டும். இங்குள்ள பிள்ளைகள் பத்து செரம்பான் என்று ஆடுவது, அரிசி நிரப்பிய ஐந்து சின்னத் துணிப்பைகளை வைத்து. நேபாளத்திலும் சிறுமிகள் கூழாங்கல் வைத்து இதே ஆட்டத்தைக் 'கட்டா' என்று ஆடுகிறார்கள். ஊரில் விட்டு வந்த மகள் ஆடுவதைப் பார்த்தே அவர் கற்றிருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மேலே எறிந்து கீழே கிடப்பதில் ஒன்றை அள்ளிக்கொண்டு பிடிப்பது முதல் கட்டம். பிறகு இரண்டிரண்டு, மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கையும் ஒரே அள்ளில். படத்தில் மூன்று முறை ஆட்டம் வரட்டும்: முதலில் அவள் தோற்கிறாள், இரண்டாவதில் அவள் நான்கையும் அள்ளிவிடுகிறாள், மூன்றாவதில் அவர் வேண்டுமென்றே ஆட மறுக்கிறார். தாகூர் கதையில் மாமனார் வீட்டுக்குப் போகிறாயா என்ற கேலி இப்படித்தான் வேலை செய்கிறது. சிறையை மாமனார் வீடு என்று சொல்வது அங்கே வழக்கம். குழந்தை மினிக்கு அது வெறும் விளையாட்டு. ரஹ்மத் சிறையிலிருந்து வெளிவந்து, மணக்கோலத்தில் நிற்கும் மினியிடம் அதே கேலியைச் சொல்லும்போது அவள் வெட்கப்பட்டுத் தலைகுனிகிறாள். ஒரே சொல், மூன்றாம் தடவை உடைகிறது.

நகைத் திருட்டை எடுத்துவிடுங்கள். அவர் எடுக்கவில்லை என்று முதல் நொடியிலேயே எல்லோருக்கும் தெரியும். ரஹ்மத் உத்தமன் அல்ல. சால்வைக் கடனைத் திருப்பித் தராமல் பொய் சொன்னவனைக் கத்தியால் குத்திவிட்டுத்தான் சிறைக்குப் போகிறான். உங்கள் ஜாகாவும் ஒரு சின்னத் தப்பு செய்யட்டும். 12 மணி நேர வேலையின் அலுப்பில், பிள்ளை கெஞ்சியதற்காகத் தடுப்புக் கம்பத்தின் பொத்தானை அவளை அழுத்த விடுகிறார். கம்பம் ஒரு காரின் கூரையில் இறங்கிக் கீறிவிடுகிறது. தப்பு அவருடையதுதான். ஆனால் நம் ஆள் ஒருவர் செய்திருந்தால் கண்டித்து விட்டிருப்பார்கள், இவருக்கு வேலையே போகிறது. அந்த இடைவெளியில்தான் பாகுபாடு கண்ணுக்குத் தெரியும். இதைப் படமாக்கும்போது உண்மையான கம்பத்தைக் கார் மேல் இறக்காதீர்கள். பிள்ளையின் விரல், சத்தம், திரும்பும் முகங்கள், பிறகு கீறல். நான்கே ஷாட் போதும்.

முடிவிலும் பிள்ளை அழ வேண்டாம். 'காபூலிவாலா'வில் தகப்பன் கல்யாணச் செலவில் விளக்கலங்காரத்தையும் பேண்டு வாத்தியத்தையும் குறைத்து ரஹ்மத் ஊர் திரும்பப் பணம் கொடுக்கிறார். வீட்டுப் பெண்களுக்கு மனத்தாங்கல். யாரோ ஒருவர் தன் கையிலிருந்து எதையோ இழந்தால்தான் முடிவு நிற்கும். உங்கள் படத்தில் அது அம்மாதான். "பொத்தானை அழுத்தியது என் மகள்" என்று அதே வாட்ஸ்அப் குழுவில் எழுதி அனுப்பட்டும். வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்காமலே போகலாம்.

இனி பிள்ளை. அழகாகப் பேசும் பிள்ளையைத் தேடாமல், அஞ்சாங்கல் ஆடத் தெரிந்த பிள்ளையைத் தேடுங்கள். திரைக்கதையைக் கையில் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த ஏழு வயதுப் பிள்ளை மேடைப் பேச்சுப்போட்டிக் குரலில்தான் பேசும். ஆட்டத்தை நிஜமாகவே ஆட விடுங்கள், நடுவில் கேட்க வேண்டிய கேள்வியை நடிகரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க, நடிகரும் பிள்ளையும் முன்கூட்டியே இரண்டு மூன்று முறை ஆடிப் பழகட்டும். நட்புக் காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுங்கள், கூச்சம் விலகுவது தானாகப் பதியும். மூன்று நான்கு டேக்குக்குமேல் போனால் பிள்ளையின் கண் மங்கிவிடும். இரண்டு கைப்பேசிகளை ஒன்றாக ஓட விட்டால் அந்தத் தொல்லை பாதி குறையும். கேமரா சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில், அவள் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 1966இன்படி, வேலை செய்யும் பிள்ளைக்கு ஒரு நாளில் 6 மணி நேரம்தான் உச்சம். பள்ளி நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்து 7 மணி. தொடர்ந்து 3 மணிக்குமேல் போகக் கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும். சம்பளம் இல்லாத படம் என்றாலும் இதைக் கடைப்பிடியுங்கள். பள்ளி விடுமுறையில் எடுப்பதே நல்லது.

வேன் வரும் 6.40 மணிக்குக் கோலாலம்பூரில் இன்னும் இருட்டு. பிள்ளையை அந்நேரத்தில் எழுப்ப வேண்டாம். சூரியன் மறைந்தபின் வரும் மங்கலில் எடுத்தால் விடியல் போலவே இருக்கும். ஆனால் அந்த வெளிச்சம் இருபது நிமிடம் நின்றால் அதிகம். ஒத்திகையை வெயிலிலேயே முடித்துவிடுங்கள். குழல்விளக்கின் கீழ் எடுக்கும்போது கைப்பேசியின் வழக்கமான நொடிக்கு 30 ஃபிரேம் அமைப்பில் திரையில் பட்டை பட்டையாக ஓடும், காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று கையால் பூட்டுங்கள். ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். செந்தூலில் ரயில் சத்தம் ஒரு டேக்கில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போனால் ஒட்டவே முடியாது. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து வைத்தால் எடிட்டிங்கில் கைகொடுக்கும்.

உங்கள் அடுக்குமாடி ஜாகாவையே நடிக்க வைக்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். அவருடைய வேலை பர்மிட் குறிப்பிட்ட முதலாளிக்கும் வேலைக்கும் மட்டுமானது. கேமரா முன் நின்றதற்காக அவருக்குச் சிக்கல் வந்தால், படம் எதைக் கண்டிக்கிறதோ அதையே நாமும் செய்தவர்களாவோம். சீருடை நிறத்தையும் மாற்றிவிடுங்கள். நேபாளி வசனத்தை அந்த மொழிக்காரரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அரைகுறை மலாயாகவே இருக்கட்டும். அவர் வேலையிடத்தில் பொறுக்கியது, அவள் பாலர் பள்ளியில் பொறுக்கியது. "அடிக், சுடா மாக்கான்?" (தங்கச்சி, சாப்பிட்டாச்சா?) போதும். அதற்குக் கீழே இலக்கியத் தமிழில் சப்டைட்டில் போடாதீர்கள்.

அடுக்குமாடி நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பினாஸில் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) என்னென்ன அனுமதி தேவைப்படும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இப்போதைக்கு மற்ற காட்சிகளைத் தொடாமல், மூன்று ஆட்டக் காட்சிகளை மட்டும் வசனமே இல்லாமல் எழுதி அனுப்புங்கள். அவை நிற்கின்றனவா என்று முதலில் பார்ப்போம்.