வைன் ஸ்டோரில் வாங்கும் அதே சாராயம் ஹோட்டல் பாரில் ஏன் இவ்வளவு விலை?

வைன் ஸ்டோரில் போத்தலுக்கு மட்டும்தான் காசு. பாரில் உட்காரும் இடத்துக்கும் பரிமாறும் ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மேசை கிடைக்காது. மழை மாதத்தில் ஈ ஓட்டுவார்கள். வாடகை, சம்பளம், கரன்ட் பில், லைசன்ஸ் காசு எதுவும் அதற்காகக் குறையாதே! எல்லாம் கிளாஸ் விலையில்தான் ஏறும்.

பில்லின் அடியையும் பாருங்கள். பெரிய ஹோட்டல்களில் வழக்கமாக 10% சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து வற் வரி (2024 முதல் 18%). 1000 ரூபா இந்த இரண்டோடு மட்டும் 1298 ஆகிவிடும்.

வீட்டில் ஊற்றும் பிளேன்டீக்கும் டவுன் கடைப் பிளேன்டீக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பாருக்கென்று கூடுதல் மதுவரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளூர்ச் சாராயத்தின் மதுவரி உற்பத்தியாளரிடமே அறவிடப்படுகிறது. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் போத்தலிலும் அது இருக்கிறது.